மாமியார் சோதனை

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று கிடங்குக் கணக்கரின் சாட்சியம். மனிதர் இருமுகிறார், இருமுகிறார், நடுவில் நாலு வார்த்தை பேசுகிறார். அந்த நாலு வார்த்தையும் முக்கியமானதாக இருந்து தொலைக்கிறது. பதிவை நிறுத்தி ஓட்டும் பெடலை அழுத்தி அழுத்தி எடுத்ததில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இந்தத் தீ விபத்து விசாரணை முடிவதற்குள் என் வலது கால் தனியாக ஓய்வூதியம் கேட்கும்.

மதியம் மறுபடியும் அந்த அறிவிப்பு திரையை மறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த மாதத்திலிருந்து இந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாதாம். புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளலாமாம். ஆனால் அதற்கு என் கணினிக்குத் தகுதி இல்லையாம். தகுதி! காலையிலிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வேலை செய்த மிஷினுக்குத் திடீரென்று தகுதி இல்லாமல் போய்விட்டது. யார் தீர்மானித்தார்கள் இதை?

மகள் போன் செய்தபோது வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். “நான் அவர்கிட்ட சொல்றேன்மா” என்றாள். வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆளுக்கு ஒரு வைத்தியம்.

கணினிக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பழசு மேடம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க.” என்ன வேலைக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை சொல்கிறாள்: “எல்லாத்தையும் போன்லயே பண்ணிடலாமேக்கா.” நூற்றுக்கணக்கான பக்கம் சாட்சியத்தைக் கட்டை விரலால் அடிக்கச் சொல்கிறாள். அவளுக்கே கண்ணில் புரை, வரும் திங்கட்கிழமை அறுவை. போனில் நான் அனுப்பும் செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்பவள்.

மாலையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற உத்தியோகம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்கு உயிரை விடுவார். டீ ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறும்வரை பேசினார். காசு கொடுக்க வேண்டாம், வைரஸ் தொல்லை குறைவு, பழைய மிஷினிலும் பறக்கும். எல்லாம் சரி. கடைசியில் சொன்னாரே ஒன்று:

“அத்தை, உங்களுக்கு என்ன வேணும்? மெயில் பாக்கணும், ரெண்டு பக்கம் டைப் பண்ணணும், ஹெட்போன் போட்டுப் பாட்டு கேக்கணும். அதுக்கு இது தாராளமாப் போதும்.”

பாட்டு.

இருபது வருடத்துக்கு மேலாக, ஊரார் பேசியதைக் காதால் வாங்கி எழுத்தில் இறக்கிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். கோர்ட், விசாரணைக் குழு, மருத்துவர்கள், ஒரு தடவை பறவைகளைப் பற்றிப் பேசும் ஒரு பேராசிரியர். அந்த வருமானத்தில்தான் இவர் பெண்டாட்டி படித்தாள். ஹெட்போனும் நானுமாக உட்கார்ந்திருப்பதை இத்தனை வருடம் பார்த்துவிட்டு, அத்தை பாட்டு கேட்கிறார் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளாவது சொன்னாளா? போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யோசிக்கிறேன் மாப்பிள்ளை” என்றேன். யோசிக்கிறேன் என்றால் வேண்டாம் என்று பொருள். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

செப்டம்பர் 6, சனி

தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறேன். புதன்கிழமைதான் திரும்புவேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி மகளிடம் சாவி கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 10, புதன்

எழுதுவதற்கே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கதவைத் திறந்தால் இரண்டு பேரும் உள்ளே, முகம் நிறையச் சிரிப்பு. “சர்ப்ரைஸ்மா” என்றாள் மகள். என் மேசை துடைத்துவிட்டது போல் இருந்தது. நிஜமாகவே துடைத்திருந்தார்கள். ஒட்டி வைத்திருந்த குறிப்புச் சீட்டுகள் எதுவும் இல்லை. திரையில் ஒரு மலை. மலைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் பெரிய படங்கள். “எழுத்தெல்லாம் பெருசாக்கி வெச்சிருக்கேன் அத்தை” என்றார் மாப்பிள்ளை. கண் அறுவை நடந்தது என் தங்கைக்கு. எனக்கில்லை.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன்.

“பெடல் எங்க?”

“எந்தப் பெடல்?” என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ, அந்தத் தையல் மிஷின் பெடலா? வயரெல்லாம் சிக்கலாக் கெடந்துச்சு. பரண்ல போட்டுட்டேன்.”

இந்த வீட்டில் தையல் மிஷினே கிடையாது. இருந்ததும் இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கவே எனக்கு ஊசியில் நூல் ஏறாது.

அந்தப் பெடலை அழுத்தினால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும், நிற்கும்போதே இரண்டு விநாடி பின்னால் போய் நிற்கும், விட்ட வார்த்தையைப் பிடித்துக்கொள்ள. இடப்பக்கம் அழுத்தினால் இன்னும் பின்னால் போகும். கை இரண்டும் விசைப்பலகையை விட்டு எழவே எழாது. என் தொழிலில் பாதி அந்தக் காலில் இருக்கிறது. அதைத் தூக்கிப் பரண்ல போட்டிருக்காங்க. என் மேசைய. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. நான் இல்லாத நேரமாப் பாத்து.

கத்தினேனா? இல்லை. “ரொம்ப நன்றி மாப்பிள்ளை” என்று என் வாய் சொல்லிற்று. வாய்க்குத் தனிப் புத்தி.

அவர்கள் போன பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பெடலை எடுத்தேன். செருகினேன். மிதித்தேன். செத்த எலியை மிதிப்பது போல் இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

பழைய கோப்புகளைத் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிறுக்கல். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இன்னும் பழைய எழுத்துருவைத்தான் வைத்திருக்கிறோம். அது இந்த லினக்ஸ் வீட்டில் இல்லை.

அடித்துப் பார்த்தேன். நான் தட்டச்சுப் பள்ளியில் படித்தவள், விரலுக்கு இடம் தெரியும், கண் வேண்டாம். ஆனால் விரல் போன இடத்தில் வேறு எழுத்து உட்கார்ந்திருந்தது. ‘அம்மா’ வருவதற்கு ஏ, எம், எம், ஏ, ஏ என்று அடிக்க வேண்டுமாம். தமிழை எழுத இங்கிலீஷில் யோசிக்க வேண்டும். நல்ல நியாயம்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமைதான் என்னை எரித்தது. சோறு ஊட்டும்போது குழந்தையிடம் பேசுகிற குரல். “பழகிடும் அத்தை. ரெண்டு வாரம் ஆகும்.” எனக்கு இன்னும் பதினொரு சாட்சியம் பாக்கி. விசாரணைக் குழு என் விரல் பழகும்வரை உட்கார்ந்திருக்குமா?

பிறகு சொன்னார்: “ஃபைல் போயிடுமோன்னு பயப்படாதீங்க. மொத்தத்தையும் எடுத்து என் ஆன்லைன் ஸ்டோரேஜ்ல ஏத்தி வெச்சிருக்கேன்.”

விசாரணைப் பதிவுகள் அதில் இருந்தன. இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

“இப்பவே அழிங்க மாப்பிள்ளை.”

“ஏன் அத்தை, பாட்டுதானே—”

“பாட்டு இல்ல.”

சொன்னேன். என்ன வேலை, யாருடைய குரல்கள், அந்தத் தீயில் எத்தனை பேர். “இப்பவே அழிக்கிறேன் அத்தை” என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

“யாருக்குத் தெரியப்போவுது, விடுக்கா” என்றாள் தங்கை, ஒரு கண்ணில் கட்டோடு.

எனக்குத் தெரியுமே.

விசாரணைக் குழுவின் செயலாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். என்னைவிட இளையவர், ஆனால் கறார். “நீங்களே சொன்னது நல்லதாப் போச்சும்மா. ஆனா இப்போதைக்குப் புதுப் பதிவு எதுவும் அனுப்ப முடியாது. மேல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார்.

அவர் மேல் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் காய்ச்சலில் படுத்தபோதுகூட நிற்காத வேலை இன்று நின்றது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். கூடவே கை கூப்பிய படம் ஒன்று. கை கூப்பிய படம்!

செப்டம்பர் 13, சனி

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பாலாவது பொங்கிய பிறகு அடங்கியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

போயிருக்கக் கூடாது. போனேன்.

நூலகத்தில் மாப்பிள்ளை பேசுகிறார் என்று மகள் போன மாதமே சொல்லி வைத்திருந்தாள். ‘வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்ற இயங்குதளம் எது?’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். நான் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பின்வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். மகள் முன்வரிசையில் இருந்தாள்.

நன்றாகத்தான் பேசினார். இயங்குதளம் என்பது என்ன, அது ஏன் பழசாகிறது, பழசானால் என்ன ஆபத்து. எனக்கே புரிந்தது. ஒரு பூக்கடைக்கார அம்மா எழுந்து, “நான் பில் போடற புரோகிராம் இதுல ஓடுமா?” என்று கேட்டார். “அதுக்குப் பதிலா வேற நெறைய இருக்குங்க” என்று மாப்பிள்ளை தாண்டிப் போய்விட்டார். அந்த அம்மா உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். பதில் கிடைத்தவர் உட்காரும் விதம் இல்லை அது.

பிறகு வந்தது.

“நான் ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன். அதுக்கு மாமியார் சோதனைன்னு பேரு. ஒரு சிஸ்டத்த எங்க மாமியாரே யூஸ் பண்ணிட்டாங்கன்னா, உலகத்துல யாரு வேணா யூஸ் பண்ணலாம்.”

சிரித்தார்கள். எல்லோரும். திரையில் என் மேசை, துடைத்து வைத்த என் மேசை. “போன வாரம்தான் மாத்திக் குடுத்தேன். சின்னச் சின்னத் தடுமாற்றம் இருக்கு. பழகிடுவாங்க.”

மாமியாரே. அந்த ‘ஏ’ இருக்கிறதே, அந்த ஒற்றை எழுத்து. இவருடைய அளவுகோலில் பூஜ்ஜியம் போடுகிற இடத்தில் நான் நிற்கிறேன். எனக்குக் கீழே ஆள் இல்லை.

எழுந்துவிட்டேன். “நான்தான் அந்த மாமியார்.”

மறுபடி சிரித்தார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

“நான் தேறல. இவரு குடுத்த சிஸ்டமும் தேறல. ஏன்னு சொல்றேன். நான் என்ன வேலை பாக்குறேன்னு இவருக்குத் தெரியாது. கேட்டதே இல்ல. என் வேலைக்கு எது வேணுமோ அதத் தூக்கிப் பரண்ல போட்டாரு. வெளிய போகக் கூடாதத வெளிய அனுப்பினாரு. இப்ப எனக்கு வேலையே இல்ல. இதுதான் உங்க சின்னத் தடுமாற்றம்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத வேண்டாம்.

நடந்தே வீடு வந்தேன். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பிறகு ஏன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்?

செப்டம்பர் 15, திங்கள்

மகள் கூப்பிட்டாள். முகமன் இல்லை, ஒன்றும் இல்லை.

“வீட்டுல வெச்சுத் திட்டியிருக்கலாமேம்மா. அத்தன பேர் முன்னாடியா?”

“அத்தன பேர் முன்னாடிதானே என்னை வெச்சுச் சிரிச்சாரு?”

“அது ஜோக்.”

“எனக்கு அது சோறு.”

பிறகு சொன்னாள்: “உன் வேலையப் பத்தி நீ என்னிக்காவது எங்களுக்குச் சொல்லியிருக்கியா? கதவச் சாத்திக்குவ. கேட்டா ரகசியம்ப. சின்ன வயசுல அந்தக் கதவுக்கு வெளியில நான் எத்தன நாள் உக்காந்திருப்பேன் தெரியுமா?”

வைத்துவிட்டாள்.

கதவைச் சாத்தியது உண்மை. திறந்து வைத்துக்கொண்டு கொலை வழக்கைக் கேட்க முடியுமா, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது? சாத்திய கதவைத் தட்டலாம். தட்டாமல், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திறந்துகொண்டு வருவது வேறு. இரண்டும் ஒன்றாகுமா?

ஆகாது. ஆனாலும் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 17, புதன்

யாருடைய தயவும் வேண்டாம் என்று பெடலைப் பையில் போட்டுக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது.

கடைக்காரர் பையைப் பார்த்தார். “தையல் மிஷினா மேடம்?”

உலகத்தில் பெடல் என்றால் அது ஒன்றுதானா? கார் ஓடுவதும் பெடலில்தான். ஒருவராவது கார் பெடலா என்று கேட்டிருக்கலாம்.

புதுக் கணினியில் செருகிப் பார்த்தார். பெடலோடு வந்த பழைய புரோகிராம் அதில் ஏறவில்லை. அதைச் செய்த கம்பெனி கடையைச் சாத்திப் பல வருடம் ஆயிற்று. “பெடல் இல்லாமலே பண்ணிக்கலாமே மேடம். கீபோர்டுல ஒரு பட்டன அமுக்கினா நிக்கும்” என்றார்.

நிற்கும். பிரேக் இல்லாத சைக்கிளும்தான் நிற்கும், செருப்பைத் தரையில் தேய்த்தால். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் தங்கை வீட்டில் ஏறி, அவள் மூட்டை கட்டிப் போட்டிருந்த அரதப்பழைய லேப்டாப்பை வாங்கி வந்தேன். பழைய விண்டோஸ் என்பதால் பெடல் அதில் உயிரோடு இருக்கிறது. லேப்டாப்தான் பாதி உயிர். இணையத்தில் இணைத்தால் மீதியும் போய்விடும்.

செப்டம்பர் 20, சனி

காலையில் மணி அடித்தது. மாப்பிள்ளை, தனியாக. மகளிடம் சாவி இருக்கிறது, ஆனால் மணி அடித்திருக்கிறார். கதவைத் திறந்த பிறகும் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வரலாமா அத்தை?”

வாங்க என்றேன். உட்காருங்க என்று சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வேறு கேட்டார்.

“நீங்க வேல பாக்குறத ஒரே ஒரு தடவ பாக்கணும்.”

“விசாரணைப் பதிவு யாரும் கேக்கக் கூடாது. இப்ப புதுசா எதுவும் வர்றதும் இல்ல.”

போனை எடுத்து நீட்டினார். நூலகத்தில் அவர் பேசியதன் பதிவு. நூலகத்துக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள். “இது ரகசியம் இல்ல அத்தை. நாப்பது பேர் கேட்டதுதான்.”

தங்கையின் லேப்டாப்பில் அதை ஏற்றி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பெடலில் கால் வைத்தேன். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் இரண்டு நிமிடம் அவர் இருப்பது தெரிந்தது. பிறகு வேலை என்னை எடுத்துக்கொண்டது.

எங்கள் தொழிலுக்கு ஒரு விதி: பேசியது பேசியபடி. திக்கினால் திக்கியபடி, சிரித்தால் சிரிப்பு என்று அடைப்புக்குள். அவர் ‘அதாவது’ என்று சொன்ன அத்தனை ‘அதாவது’வும் வந்தது. பூக்கடை அம்மாவின் கேள்வி வந்தது. மாமியார் சோதனை வந்தது. அடைப்புக்குள் சிரிப்பு என்று அடித்தேன். அடுத்த வரி. பலத்த சிரிப்பு என்று அடித்தேன்.

பிறகு என் குரல் வந்தது. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நிதானமாகப் பேசினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு கிறீச்சல். கடைசி வரியில் குரல் உடைந்தே போகிறது. விதி எனக்கும் விதிதான். குரல் தழுதழுக்கிறது என்று அடைப்புக்குள் அடித்தேன்.

காலை எடுத்தேன். அவர் திரையை மேலிருந்து கீழே வரை படித்தார். படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

“எழுத்துல பாத்தா வேற மாதிரி இருக்கு அத்தை.”

“எழுத்துல எல்லாமே அப்படித்தான் மாப்பிள்ளை.”

சட்டென்று முக்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் போய்விட்டார். “இன்னொரு தடவ அமுக்குங்க. இடது பக்கம். இப்ப விடுங்க.” நானும் அமுக்கினேன், விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்தே குரல் வந்தது. “தப்புப் பண்ணிட்டேன் அத்தை.”

முகம் தெரியாமல் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்பதும் எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

“சரி, தலைய இடிச்சுக்காம வெளிய வாங்க” என்றேன்.

கோபம் போய்விட்டது என்று இங்கே எழுத மாட்டேன். போகவில்லை. உட்கார இடம் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, புதன்

தினமும் மாலை வந்து என் கணினியோடு மல்லுக்கட்டுகிறார். கணினியின் கண்ணுக்கு அந்தப் பெடல் மூன்றே பொத்தான் உள்ள குட்டி விசைப்பலகையாம். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று சொல்லிக் கொடுத்தால் போதுமாம். இதற்கு அதைச் செய்த கம்பெனியே தேவையில்லை. இன்று ஓடியது, ஆனால் நிறுத்தினால் அரை வாக்கியம் பின்னால் போய்விட்டது. இரண்டு விநாடிதான் வேண்டும் என்றேன். பழகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திருத்தினார்.

தட்டச்சுப் பள்ளி விசைப்பலகை அந்த லினக்ஸிலேயே முதலிலிருந்து இருந்திருக்கிறது. பட்டியலில் பெயர் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு சொடுக்கு. ஒரு சொடுக்குக்காகவா நான் அந்த வியாழக்கிழமை அழுதேன்? அவர் முகம் சிறுத்துப்போயிற்று. “நான் அந்தப் பட்டியலத் தெறந்தே பாக்கல அத்தை” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நிறையப் பாடுபட்டேன்.

செப்டம்பர் 27, சனி

எல்லாம் ஓடுகிறது. பெடல், விரல், பழைய எழுத்துரு, எல்லாம். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் கணினி எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் குளித்துவிட்டே வந்துவிடலாம்.

ஆக, அவர் முதல் நாள் சொன்னது சரி. இந்த மிஷினுக்கு, என் வேலைக்கு, லினக்ஸ்தான் பொருத்தம். அதுதான் எனக்கு எரிச்சலே. தப்பாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்ல மருந்துதான். அதற்காகத் தூங்குகிறவள் வாயைப் பிளந்தா ஊற்றுவது?

செயலாளர் கூப்பிட்டார். வேலையைத் தொடரலாம், மூன்று நிபந்தனை: வன்தட்டுக்குப் பூட்டு, இணையம் கூடாது, வேறு யாரும் தொடக் கூடாது. பூட்டை மாப்பிள்ளைதான் போட்டுக் கொடுத்தார். நான் கடவுச்சொல் அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, “இனிமே நான் தொட மாட்டேன் அத்தை” என்றார்.

மகள் இன்னும் ‘ம்’, ‘சரி’ என்ற அளவில்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூக்கடை அம்மா நூலகத்தில் என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். “அந்த மாமியார் நீங்கதானே?” ஊரில் எனக்கு இனி இதுதான் பட்டம். கடைக் கணினியிலும் அதே அறிவிப்பாம். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறார். என்னை!

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். கடை முழுக்க ஈரமும் வாசனையும். நான் ஒரு வாளி ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அவர் பையைக்கூடத் திறக்கவில்லை. காலையில் முதலில் என்ன செய்வீங்க, ஆர்டர் எப்படி வரும், பில்லை எதில் அடிப்பீங்க, பிரிண்டர் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவீங்க. அந்த அம்மா பில் போடும்போது நடுவில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒதுங்கி நின்று காத்திருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் சொன்னார்: “உங்களுக்கு லினக்ஸ் வேண்டாங்க. உங்க பில் புரோகிராமும் இந்த பிரிண்டரும் விண்டோஸ்லதான் ஒழுங்கா ஓடும். செகண்ட் ஹேண்ட்ல கொஞ்சம் புது மிஷினா ஒண்ணு பாருங்க. நான் வந்து எல்லாத்தையும் மாத்தித் தரேன்.”

சொல்லி முடித்தபோது விளக்கெண்ணெய் குடித்தவர் முகம். நான் ரோஜாக் கட்டைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

வரும் வழியில், “நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை” என்றேன்.

“வாயே வரல அத்தை” என்றார்.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அவருக்கும் தொற்றிக்கொண்டது.

அக்டோபர் 9, வியாழன்

மகள் வந்தாள். அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “இன்னிக்கு என்ன வேலம்மா?” என்றாள். சொல்லக்கூடியதைச் சொன்னேன். சொல்லக் கூடாததை ஏன் சொல்லக் கூடாது என்பதையும் சொன்னேன். மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். போகும்போது கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள், மெதுவாக.

அக்டோபர் 14, செவ்வாய்

கடைசிச் சாட்சியம் இன்று முடிந்தது. அறிக்கை வெளிவரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த நோட்டுக்கு வாய் இல்லை என்ற தைரியத்தில் நாலு வரி.

தீயில் இறந்துபோன காவலாளியின் மனைவி. பெயரைச் சொல்லும்போதே குரல் கீழே இறங்கிவிட்டது. கம்பெனி வக்கீலுக்கு அவசரம். “அம்மா, தீ எப்படிப் பரவுச்சுங்கறது டெக்னிக்கல் விஷயம். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது.”

அதற்கு அந்தப் பெண் சொன்னாள்: “தீ எப்படிப் பரவுச்சுன்னு நான் சொல்ல வரலீங்க. பின்கதவு வெளியில பூட்டியிருந்துச்சுன்னு சொல்றேன். அவரு போன்ல சொன்னாரு.”

அதன் பிறகு யாரும் பேசவில்லை. வக்கீலும் பேசவில்லை. மௌனம் என்று அடைப்புக்குள் ஒரு சொல் போட்டுவிட்டுத் தாண்டிப் போகலாம், விதி அதை அனுமதிக்கிறது. எனக்குக் கால் எழவில்லை. மின்விசிறிச் சத்தம், யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம், எங்கோ ஒரு லாரி பின்னால் போகிற சத்தம். முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் அந்தப் பெண், “தண்ணி குடுங்க” என்றாள். அதையும் அடித்தேன்.

பிறகுதான் காலை எடுத்தேன். ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால், திறந்த கதவுக்கு வெளியே மாப்பிள்ளை, கையில் இரண்டு டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்கவில்லை. டீயின் மேல் ஆடை தடித்திருந்தது.

“முடிஞ்சுதா அத்தை?”

“முடிஞ்சுது. வாங்க, உக்காருங்க.”

மகள் சமையலறையிலிருந்து, சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். அப்படியே குடித்தோம்.